பாதுகாவலர் கையெழுத்தும் சிறுமியின் சம்மதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவுற்ற சிறுமிகளின் சிகிச்சைக்கு யார் சம்மதம் தர வேண்டும் என்பதில் மருத்துவமனைகளிலேயே நிலவும் குழப்பம் குறித்து எழுதுகிறேன். நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மராத்தியோ இந்தியோ சரியாகப் பேச வராத தமிழ்ப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணைக்கு என்னைக் கூப்பிடுவது எங்கள் தாராவியில் வழக்கம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் 16 வயதுப் பெண் ஒருத்தியுடன் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். தாயில்லாத அவளைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர் அவளுடைய அத்தை. ஸ்கேனில் 19 வாரம் என்று வந்தது. கருக்கலைப்புக்கான படிவத்தில் அத்தை தன் பெயரை எழுதி முடிக்கும் முன்பே, அப்பாவின் கையெழுத்துதான் வேண்டும் என்று சொல்லிப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தகப்பனோ திருநெல்வேலிப் பக்கம்; கோயில் கொடைக்கு இவர்கள் ஊருக்குப் போனால்தான் மகளைப் பார்ப்பவர். அவரைத் தேடிப் பிடித்து ரயிலேற்றி வரவழைப்பதற்குள் 20 வாரம் கடந்துவிட்டது. ஒரு மருத்துவரின் கருத்தே போதுமாயிருந்த இடத்தில், இரண்டு மருத்துவர்களின் கருத்துக்காக மீண்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தைக் கேட்கிறது. சிறுமியைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவரே பாதுகாவலர் என்று அதே சட்டம் தொடக்கத்திலேயே வரையறுத்தும் விடுகிறது. அந்த வரையறையில் தகப்பன் என்ற சொல்லே கிடையாது. (கல்யாணமான சிறுமி என்றால் மாமியாரின் கையெழுத்தை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன்.)

போலீசுக்குத் தகவல் போகும் என்ற பயத்தில் நாட்களைக் கடத்துகிறவர்களும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் தந்தே ஆக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் அந்தத் தகவலில் அவளுடைய பெயரையோ அடையாளத்தையோ வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவாக்கியிருக்கிறது. இதை வரவேற்பு மேசையில் யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. அந்தப் படிவத்தில் சிறுமிக்காகப் பாதுகாவலர் நிரப்பும் பகுதியில் அவள் யார் என்ற விவரம் இருக்கிறதே தவிர, அவள் என்ன விரும்புகிறாள் என்று எழுத ஒரு வரி கூட இல்லை. மூன்று முறை போய் வந்தோம். ஒருமுறையாவது அவள் முகத்தைப் பார்த்து, 'உனக்கு என்னம்மா வேண்டும்?' என்று அங்கே எவரும் கேட்கவில்லை. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், 2024 ஏப்ரல் 22 அன்று கருக்கலைப்புக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், பெற்றோர் மனம் மாறியதால் ஒரே வாரத்தில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆனால் சிறுமியின் விருப்பமும் பாதுகாவலரின் விருப்பமும் வேறுபடுமானால், சிறுமியின் கருத்தை முக்கியமானதாகக் கொண்டு நீதிமன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று, உத்தரவைத் திரும்பப் பெற்ற அந்தத் தீர்ப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போகிறவளுக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, வார்டு வாசலில் நிற்பவளுக்கும் கிடைக்க வேண்டாமா? உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவளுக்குத் தெரிந்த மொழியில் கேட்டு, அவள் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

பாதுகாவலர் என்பதற்கான அந்த வரையறையைத் தாங்கள் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிட வேண்டுகிறேன். ஆஸ்பத்திரிக்காரர்களால் அதைப் படிக்க முடியாதுதான். ஆனால் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போடப் போகும் அத்தைகளால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தாராவி, மும்பை - 17