பூசணம் பிடித்த கடலையும் சாயம் ஏற்றிய மிளகாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கை உணவுக்கு மாறச் சொல்லித் தங்கள் இதழில் வரும் கட்டுரைகளை மனமார வரவேற்கிறோம். ஆனால் அவற்றைப் படித்துவிட்டு, ‘செக்கு எண்ணெய்’, ‘நாட்டு மஞ்சள்’ என்று சீட்டு ஒட்டிய பொருளை இரட்டை விலை கொடுத்து வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நம் மக்கள் இருந்துவிடக் கூடாது. பர்மாவில் நம் அடுப்படிக்குள் நஞ்சு வரும் முக்கிய வழிகளில் மூன்று: பூசணம், சாயம், தண்ணீர். இவற்றில் பூசணம் முழுக்க இயற்கையானது. நாங்கள் அதிகம் அஞ்சுவதும் அதற்குத்தான்.

முதலில் கடலை. மக்வே, மண்டலே, சகாயிங் வட்டாரங்களில் விளையும் நிலக்கடலைதான் நம் வீடுகளில் சட்னிக்கும் தாளிப்புக்கும் எண்ணெய்க்கும் வருகிறது. சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம் பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்காகிறது. இந்த நஞ்சு வறுத்தால் ஓரளவு குறையும், முழுதும் ஒழியாது. கொதிநீருக்கோ அது அசைவதே இல்லை.

ஆனால் இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை, சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். ஆகவே கையால் பொறுக்குவதே பெரிய பாதுகாப்பு. ஒரு வீசைக் கடலையை (சுமார் 1.6 கிலோ) வெள்ளைத் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். சுருங்கியது, தோல் கருத்தது, முளை விட்டது, பூச்சி துளைத்தது, உடைந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். பிறகு நல்லதாகத் தெரிவதில் ஒரு கைப்பிடி எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளித்தோல் பளபளவென்று இருக்கும்; இரு பருப்புக்கும் நடுவே உள்ள சிறு குழியில் சாம்பல் நிறத்திலோ பச்சை நிறத்திலோ பொடி பூத்திருக்கலாம். கைப்பிடியில் அப்படி இரண்டு மூன்று தென்பட்டால் அந்தச் சரக்கையே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். சாப்பிடும்போது ஒரு கடலை கசந்தால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

செக்கு எண்ணெய் விஷயத்தில் கட்டுரையாளர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஆலையில் சுத்திகரிக்கும்போது காரமும் வெளுக்கும் மண்ணும் சேர்ப்பதால் அஃப்ளாடாக்சின் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு அந்த வழி கிடையாது. நல்ல கடலையை ஆட்டினால் அது அருமையான எண்ணெய். கழிவுக் கடலையை மலிவாக வாங்கி ஆட்டினால், சுத்திகரித்த எண்ணெயைவிடக் கேடானது. ஆகவே எண்ணெய் வாங்கும் முன் செக்குக்காரரிடம் ஆட்டப் போகும் கடலையைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய எண்ணெயைச் சில நாள் அசையாமல் தெளியவிட்டு, மேலே உள்ளதைத் துணியில் வடித்து எடுங்கள். அடியில் தங்கும் கசண்டைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

எண்ணெய் பிழிந்தபின் நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்குகிறது. மாடு வைத்திருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் ஒரு நாளுக்குள் அந்த நஞ்சின் மாற்றுரு வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. தீவனத்தை மாற்றினால் சில நாட்களில் பால் சுத்தமாகிவிடும். பொறுக்கித் தள்ளிய கடலையை ‘வீணாக்குவானேன்’ என்று மாட்டுக்குப் போடும் வழக்கம் நின்றாக வேண்டும். அந்தப் பாலைக் குடிப்பவர்கள் சின்னக் குழந்தைகள். கழிவை மண்ணில் ஆழப் புதைப்பதே சரி.

அடுத்தது சாயம். 2009 மார்ச்சில், நாம் லப்பே என்று வாங்கும் ஊறவைத்த தேயிலையில் ஆரமைன் ஓ என்ற மஞ்சள் சாயம் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சகம் அறிவித்து, 40-க்கு மேற்பட்ட வணிகப் பெயர்களைப் பட்டியலிட்டது. துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது. ஊறிய தேயிலை மங்கலான பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும். தளிர் இலை போலப் பளிச்சென்று மின்னினால் வாங்காதீர்கள். ஒரு பிடி தேயிலையை வெதுவெதுப்பான நீரில் அலசிப் பாருங்கள்: பழுப்பேறிய நீர் இயல்பானது, எலுமிச்சை மஞ்சளாக நீர் ஓடினால் சந்தேகப்பட வேண்டும்.

மிளகாய்த்தூளுக்குப் பலரும் அறிந்த சோதனை தண்ணீர்ச் சோதனை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் அலையாமல் நிற்கட்டும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அரைத் தேக்கரண்டித் தூளை மேற்பரப்பில் தூவுங்கள், கலக்காதீர்கள். நல்ல தூள் துகளாக மிதந்து, துகளாகவே இறங்கும். சாயம் ஏற்றிய தூளிலிருந்து சிவப்பு நூல் நூலாகக் கோடிட்டு இறங்கும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அந்த நீரில் அடித்து, ஆரஞ்சு நிறமாக ஒளிர்ந்தால் ரோடமைன் பி இருக்கக்கூடும். அதுவும் துணிச் சாயம்தான். ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மிளகாய்த்தூளில் கலக்கும் சூடான் என்ற சிவப்புச் சாயங்கள் எண்ணெயில்தான் கரையும், நீரில் கரையாது. ஆகவே தண்ணீரில் தேறிய தூளிலும் சூடான் இருக்கலாம். எண்ணெயில் கரைத்துப் பார்த்தும் பயனில்லை, மிளகாயின் சொந்த நிறமும் எண்ணெயில்தான் இறங்கும். ஆய்வுக்கூடம் இல்லாமல் இதைப் பிரித்தறிய முடியாது.

அதனால்தான் தூளாக வாங்க வேண்டாம், முழு மிளகாயாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறோம். மழை தொடங்குமுன், மார்ச் ஏப்ரலிலேயே ஆண்டுக்கான மிளகாயை வாங்கிக் காயவைத்து, காற்றுப் புகாத தகர டின்னில் அடைத்துவிடுங்கள். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், மடித்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் போகவில்லை. காம்பைக் கிள்ளி உள்ளே பாருங்கள். விதையைச் சுற்றிச் சாம்பல் பூத்திருந்தால் கடலையில் சொன்ன அதே பூசண நஞ்சு இங்கும் இருக்கலாம். எண்ணெய் நனைத்த பஞ்சால் தோலைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு செக்கச் செவேலென்று ஆனால் மேலே சாயம் பூசியிருக்கக்கூடும். அரவை மில்லில் ஒரு கைப்பிடி நொய்யை முதலில் ஓட்டச் சொல்லிக் கீழே கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் அரைத்தவரின் சரக்கு உங்கள் பாத்திரத்தில் விழும்.

மஞ்சளில் மட்டும் முழுக் கிழங்கு வாங்கினாலும் நிம்மதி இல்லை. லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறமியைக் கிழங்கு மெருகேற்றும்போதே மேல்தோலில் பூசுகிறார்கள். பங்களாதேஷில் இதைக் கண்டறிந்து அரசு கடும் நடவடிக்கை எடுத்தது; 2019-ல் சந்தை மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில் இருந்த ஈயம் 2021-க்குள் மறைந்தது. கண்காணித்தால் ஒழிக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்து நாடே சாட்சி. யாங்கோன் சூரத்தி பஜாரில் மஞ்சள் எடுக்கும்போது வழவழப்பாக, கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு, தோல் சொரசொரப்பாக மங்கியிருப்பதை எடுங்கள். கிழங்கைத் தண்ணீரில் போட்டவுடன் நிறம் விட்டால் அது பூச்சு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது, அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை.

நூடுல்ஸும் மீன் உருண்டையும் மொறுமொறுவென்று இருக்க வெண்காரம் (போராக்ஸ்) சேர்ப்பதைக் கண்டறிய, மஞ்சள் தோய்த்த தாளை அவை ஊறிய நீரில் நனைப்பார்கள். சிவந்தால் வெண்காரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, சோடாக்காரமும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். எலுமிச்சைச் சாறு விட்டு உலர்த்துங்கள். மஞ்சளுக்குத் திரும்பினால் அது சோடாக்காரம், சிவப்பு நின்றால் வெண்காரமாக இருக்கலாம். ‘இல்லை’ என்று உறுதி சொல்ல இந்தச் சோதனை போதாது.

இனி தண்ணீர். ஐராவதி டெல்டாவில் ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகள் பலவற்றின் நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நிறமும் மணமும் சுவையும் எதையும் காட்டிக் கொடுக்காது. காய்ச்சினால் நீர் ஆவியாகி ஆர்செனிக் செறிவு கூடுமே தவிர குறையாது. சோதிக்காத குழாய்க்கிணற்று நீரைவிட, மூடிய தொட்டியில் பிடித்த மழைநீரைக் காய்ச்சிக் குடிப்பது மேல்.

அரிசியும் மண்ணிலிருந்து ஆர்செனிக்கை இழுத்து வைக்கும் பயிர். ரைஸ் குக்கர் வந்தபின் நாம் கைவிட்ட கஞ்சி வடிக்கும் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு தம்ளர் அரிசிக்கு ஆறு தம்ளர் நீர் வைத்து வடித்தால் கணிசமாகக் குறையும். குக்கரை விட மனமில்லாதவர்கள், ஒரு தம்ளர் அரிசியை நான்கு தம்ளர் கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு தம்ளர் புதுநீர் சேர்த்துச் சிறுதீயில் முடிக்கலாம். வெள்ளை அரிசியில் சுமார் முக்கால் பங்கும், தவிடு நீக்காத அரிசியில் பாதிக்கு மேலும் நீங்குவதாகப் பிரிட்டனில் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் காட்டியது. ஆனால் சமைக்கும் நீரிலேயே ஆர்செனிக் இருந்தால் இரண்டு முறையும் கேடுதான், அதிக நீர் அதிக நஞ்சைச் சோற்றில் ஏற்றும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வடிக்கும்போது வைட்டமின் பி1 கஞ்சியோடு போய்விடும். இந்த நாட்டில் தாய்க்கு பி1 குறைந்து, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை பெரிபெரி கண்டு இறப்பது நெடுநாளாக இருந்து வரும் துயரம். ஆகவே வடித்துச் சாப்பிடும் வீட்டில் புழுங்கல் அரிசியே இருக்கட்டும், நெல்லை அவிக்கும்போது பி1 அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடுகிறது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அன்றாடம் பருப்போ பயறோ கட்டாயம் வேண்டும், சாப்பாட்டோடு தேநீரும் வெற்றிலை பாக்கும் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சோறும் உப்புமாக மட்டும் போடுவது கொடுமை.

காய்கறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இன்லே ஏரியின் மிதக்கும் தோட்டத் தக்காளிக்கு மருந்தடிப்பு அதிகம் என்பது வியாபாரிகளே அறிந்தது. ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, காயைப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் கழுவுங்கள். மேலே ஒட்டியது பெரும்பாலும் போகும். செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிய மருந்து எப்படிக் கழுவினாலும் போகாது. முட்டைக்கோசின் மேல் இலை மூன்றை எறிந்துவிடுங்கள்.

கோயில் அன்னதானக் குழுக்களிடம் கைகூப்பிக் கேட்கிறோம்: பெயிண்ட் வந்த பிளாஸ்டிக் வாளியில் சாம்பாரும் ரசமும் ஊற்றிப் பந்தியில் பரிமாறாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கான பிளாஸ்டிக் அல்ல. கொதிக்கும் புளிக்குழம்பு அதில் உள்ளதை இழுத்துக்கொள்ளும். அலுமினிய அண்டாவில் புளி சேர்ந்ததை மணிக்கணக்கில் வைப்பதும் தவறு. எவர்சில்வர் வாளி வாங்க ஒரு திருவிழா வசூலே போதும். வீட்டுக்கு மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்கப் போகிறவர்கள் தூக்குச் சட்டியைக் கொண்டு போங்கள், கொதிக்கும் குழம்பை மெல்லிய பையில் கட்டி வாங்காதீர்கள்.

சாப்பாட்டைத் தாண்டியும் இரண்டு உண்டு. மூடிய அறையில் எரியும் ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. டெங்கு உள்ள ஊரில் கொசுவை விட்டுவிட முடியாது. கொசுவலை கட்டுங்கள், பகலில் தூங்கும் குழந்தைக்கும் கட்டுங்கள். மற்றொன்று முகம் வெளுக்கும் கிரீம். சீட்டில் ‘கலோமெல்’, ‘மெர்க்குரி’ என்ற சொல்லோ, ‘தங்க வெள்ளி நகையில் படக்கூடாது’ என்ற எச்சரிக்கையோ இருந்தால் அதில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தங்கத்தோடு கூடி வெளுக்கும், அதே பாதரசம் தோல் வழியே புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீட்டே இல்லாத டப்பாவை வாங்கவே வேண்டாம். முகத்துக்குத் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூச விரும்புகிறவர்கள் கட்டையை வாங்கிக் கல்லில் இழைத்துக்கொள்ளலாம்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். அரசின் உணவு, மருந்து நிர்வாகத் துறை அவ்வப்போது விலக்க வேண்டிய பொருள்களை அறிவிக்கிறது. அறிவிப்பு பர்மிய மொழியில் வருவதால் சமையல் செய்யும் நம் பெரியவர்கள் பலருக்கு அது எட்டுவதில்லை. அறிவிப்பு வரும்போதெல்லாம் பொருளின் பெயர், உறையில் உள்ள படம், தொகுதி எண், கண்டறிந்த சாயம் ஆகியவற்றைத் தமிழில், கத்தரித்துக் கடைக்கு எடுத்துப் போகும் அளவுக்குப் பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். மொழிபெயர்ப்பை ஊதியமின்றிச் செய்து தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உணவுச் சோதனைப் பணியில் உள்ள வாசகர்கள்,
யாங்கோன்.