மாதம் முழுக்க 4 டிகிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு உணவு நிறுவனங்களின் பாதுகாப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சான்றிதழ், பதிவேடு, தணிக்கை எல்லாம் விளக்கமாக இருந்தன. 14 பேர் வேலை செய்யும் உணவுக்கூடம் ஒன்றின் மேற்பார்வையாளன் நான். அதில் விட்டுப்போனது உணவுப் பாதுகாப்புக் கலாச்சாரம், அதாவது முதலாளி முதல் தொழிலாளி வரை எல்லோரும் பாதுகாப்பை அன்றாடப் பழக்கமாகக் கொள்வது. அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குளிர் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கும். மூன்று வேளையும் வெப்பநிலையைப் பார்த்து அதில் குறிக்க வேண்டும். ஒருநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மாதம் முழுக்க 4, 4, 4. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மறந்துபோய்க்கூட ஒரு 3 இல்லை, ஒரு 5 இல்லை. சந்தேகம் வந்து தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். 9 காட்டியது. கதவின் ரப்பர் பட்டை கீழ் மூலையில் கிழிந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. லிஸ்டீரியா குளிரிலும் வளரும் கிருமி. 4 டிகிரியில் மெல்ல வளர்வது, 9 டிகிரியில் வேகம் பிடித்துவிடும். அன்று உள்ளே இருந்த சரக்கு முழுவதையும் கொட்டினோம்.

அட்டையை நிரப்பிய பையனைக் கூப்பிட்டு, "ஏம்பா இப்படி எழுதினே?" என்று கேட்டேன். "முன்னாடி ஒரு தடவை 8-னு எழுதினேன் சார். கதவை ஒழுங்கா மூடலைன்னு எனக்குத்தான் திட்டு விழுந்துச்சு" என்றான்.

திட்டியவன் நான்தான்.

பெரிய ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுக்கென்று தனிப்பிரிவு உண்டு. எங்களைப் போன்ற இடங்களில் தொழிலாளிகள் சுவரில் ஒட்டிய விதிகளைப் பார்ப்பதில்லை, முதலாளியின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆர்டர் நெருக்கும் நாளில் அவரே கை கழுவாமல் உள்ளே வந்து சரக்கைத் தொட்டுவிட்டால், அப்புறம் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் எடுபடாது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வருபவர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்ற பிறகு 48 மணி நேரமாவது உணவைத் தொடக்கூடாது என்பது அவற்றை உண்டாக்கும் நோரோவைரஸ் என்ற கிருமிக்கான பொது விதி. ஆனால் அந்த இரண்டு நாள் கூலியை யார் தருவது? கூலி போகும் என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கையில் சீழ்க்கட்டியோடு வேலை செய்பவரும் அப்படித்தான் மறைப்பார். "நல்லா கொதிக்க வைச்சா எல்லாம் செத்துடும்" என்று அனுபவசாலிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் புண்ணிலிருந்து வரக்கூடிய ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி கொதித்தால் சாகும், சரி. ஆனால் அதற்குள் அது உணவில் விட்டுவிட்ட நச்சு கொதித்தாலும் போகாது. எங்கள் முதலாளியிடம் இதைப் பலமுறை எடுத்துச் சொன்ன பிறகுதான் அந்த நாட்களுக்குக் கூலி தரச் சம்மதித்தார். எங்கள் கூடத்தில் நடந்த மாற்றங்களிலேயே முக்கியமானது இதுதான் என்பேன்.

இது ஏதோ என் சொந்தக் கருத்து இல்லை. உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் 2020-இல் திருத்திய உணவுச் சுகாதாரக் கோட்பாடுகளிலேயே உணவுப் பாதுகாப்புக் கலாச்சாரம் இடம்பெற்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதைச் சட்டத்திலேயே சேர்த்தது. நிறுவனத்தின் தன்மையையும் அளவையும் பொறுத்து நடைமுறைப்படுத்தலாம் என்றும் அதில் இருக்கிறது. எனவே சின்ன இடம் என்று சாக்குச் சொல்ல வழியில்லை, பெரிய ஆலையின் கோப்புகளை அப்படியே நகல் எடுத்து வைக்கவும் தேவையில்லை.

போன மாதம் அதே பையன் அட்டையில் 7 என்று எழுதிவிட்டு நேராக என்னிடம் ஓடிவந்தான். குளிர் அறையின் விசிறியில் பனிக்கட்டி படிந்திருந்தது. சரக்கை உடனே வேறு குளிர்பெட்டிக்கு மாற்றினோம். எல்லோர் முன்னாலும் அவனுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது முதலாளிகளோடும் அதிகாரிகளோடும் நிறுத்திவிடாமல், தொழிலாளிகளிடமும் பேசுங்கள். வயிறு சரியில்லாத நாளில் என்ன செய்கிறீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உணவுக்கூட மேற்பார்வையாளர் ஒருவர்