சிரித்துக்கொண்டே இருக்கும் ஜேன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் படிக்க விட்டிருக்கிறார்கள். விட்டதும் கையில் கிடைத்தது பேத்தியின் படப்புத்தகம், இங்கிலாந்துக் குழந்தை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1904-இல் எழுதி வரைந்த இரண்டு போக்கிரி எலிகளின் கதை. நீ படித்திருப்பாயோ என்னவோ.

ஒரு பொம்மை வீட்டில் லூசிண்டா, ஜேன் என்று இரண்டு பொம்மைகள். ஜேன் சமையல்காரி, ஆனால் சமைத்ததே கிடையாது, சாப்பாடு கடையிலிருந்து செய்தே வந்துவிட்டது! இருவரும் தள்ளுவண்டியில் உலாவப் போன நேரம் எலிகள் நுழைந்து மேசையில் உட்கார்ந்தால் இறைச்சி, மீன், பழம் எல்லாம் தட்டோடு ஒட்டிய பிளாஸ்டர், வெட்டப் போனால் கத்திதான் மடங்குகிறது. மீனை அடுப்பில் போட்டுப் பார்க்கிறார்கள், அந்த நெருப்பும் காகிதம். அப்புறம் என்ன, வந்த ஆத்திரத்தில் வீட்டையே துவம்சம் செய்துவிடுகிறார்கள்.

பொம்மைகள் திரும்பி வரும் படத்தில்தான் நான் நின்றுவிட்டேன். லூசிண்டா கவிழ்ந்த அடுப்பின்மேல் உட்கார்ந்து வெறிக்கிறாள், ஜேன் அலமாரியில் சாய்ந்து சிரிக்கிறாள், ஒரு வார்த்தை கிடையாது. "வீடே போச்சு, இந்த அக்கா ஏன் பாட்டி சிரிக்கிறா?" என்றாள் பேத்தி. மூஞ்சி அப்படித்தானே செய்திருக்கிறது என்றேன், வேறென்ன சொல்ல? மற்ற கதைகளில் பொம்மை எழுந்து நடந்து அழும், பாட்டர் பொம்மையைப் பொம்மையாகவே விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் பிடித்தது. எலிகள் மட்டும் அவள் வளர்த்தவை, அவற்றின் முதுகு வளைவில் அப்படி ஓர் உயிர்.

அந்தப் பொம்மை வீடும் நிஜம்தான், தெரியுமா? பாட்டரின் பதிப்பாளர் நார்மன் வார்ன் தன் அண்ணன் மகளுக்காகச் செய்தது. அது இருந்த சர்பிட்டன் ஊருக்குப் போய்ப் பார்த்து வரைய பாட்டருக்கு ஆசை, அம்மா விடவில்லை, 37 வயதுப் பெண்ணை! அவர் வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார், பொம்மைகளையும் பிளாஸ்டர் சாப்பாட்டையும் வாங்கி அனுப்பினார். 1905 ஜூலையில் இருவரும் கல்யாணம் பேசி முடித்தார்கள், பெண் வீட்டில் சம்மதமில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 25 அன்று அவர் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். அந்தப் பிளாஸ்டர் இறைச்சி இன்னும் அவளுடைய ஹில் டாப் வீட்டில் இருக்கிறது.

சரி, உன் முழங்கால் எப்படி? தீபாவளிக்கு வருவதானால் முன்னாடியே சொல்லு, மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

உன்,
கமலா