குழி வெட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்: நில மீட்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுரங்க நில மீட்புப் பணிகளை ஆய்வு செய்து சான்று வழங்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நிலக்கரி எடுத்து முடித்த திறந்தவெளிச் சுரங்கத்தை நிரப்பி, சமன்செய்து, புல் விதைத்து எங்களிடம் திருப்பித் தந்த நிலத்துக்கு, 'மீட்பு நிறைவுற்றது' என்று சென்ற மாதம் தாங்கள் சான்று வழங்கினீர்கள். அந்த நிலத்தின் முழு வரலாறும் தங்கள் கோப்புகளில் இருக்கிறது. அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. சான்று கைக்கு வந்த வாரத்தில் நான் பிடுங்கிய ஒரு மரக்கன்றைப் பற்றி மட்டும் முதலில் சொல்ல வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நட்ட கன்று அது. என் இடுப்பளவுகூட வளராமல் பட்டுப்போயிற்று. பிடுங்குவதற்கு மண்வெட்டி தேவைப்படவில்லை. ஒரு கையால் இழுத்ததும் வந்துவிட்டது. அதன் ஆணிவேர் ஒரு சாண் ஆழம் வரை நேராக இறங்கி, அங்கே முழங்கையை மடக்கியது போலத் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. சல்லிவேர்கள் அனைத்தும் தட்டில் பரப்பி வைத்தாற்போல ஒரே மட்டத்தில் கிடந்தன. அதே வரிசையில் பட்டுப்போயிருந்த மற்றக் கன்றுகளையும் பிடுங்கிப் பார்த்தேன். எல்லா வேர்களும் அதே ஒரு சாண் ஆழத்தில்தான் திரும்பியிருந்தன.

வேர் திரும்பிய இடத்தில் என்ன இருக்கிறது என்று அறியக் கடப்பாரை கொண்டு குழி வெட்டினோம். மேலே ஒரு சாண் பொலபொலப்பான மண். அதற்குக் கீழே கடப்பாரை ஓசையெழுப்பித் திரும்பி வந்தது. உடைந்த பாறைத் துண்டுகளும் களிமண்ணும் கலந்து, கனரக வண்டிகள் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதால் இறுகிப்போன ஒரு தளம் அங்கே இருக்கிறது. முந்தைய இரவு பெய்த மழையில் தரையின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது; முழங்கால் ஆழத்தில் மண் காய்ந்து கிடந்தது. மேலே வெள்ளமும் கீழே வறட்சியும் ஒரே குழியில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பயிர் அழுகுவதும் வாடுவதும் ஒரே பருவத்தில் ஏன் நடக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

மண்ணறிவு உடைய ஒருவரை அழைத்து, வளையக் குழாயால் அந்தத் தளத்தின் பரும அடர்த்தியை, அதாவது துளைகளையும் சேர்த்த ஒரு கன அளவில் அடங்கும் உலர்ந்த மண்ணின் எடையை, அளந்தோம். கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம். நல்ல உழவு நிலத்தில் இது 1.1 முதல் 1.4 வரை இருக்கும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்துகளின் அடர்த்தி ஏறத்தாழ 2.65 என்பதால், 1.3 அளவில் இருக்கும் மண்ணில் பாதி இடம் காற்றுக்கும் நீருக்கும் உரியது, 1.8 அளவுக்கு இறுகிய மண்ணிலோ மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. இறுகும்போது முதலில் மறைவதும் நீர் இறங்குவதற்கும் வேர் நுழைவதற்கும் வழிவிடும் பெரிய துளைகள்தான். எங்கள் கன்றுகள் சோம்பலால் வளராமல் போகவில்லை.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கையை இங்கேயே வைக்கிறேன்: சான்றில் கையெழுத்திடும் முன், குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். பல இடங்களில் வெட்டுங்கள், நில உரிமையாளர்களை உடன் வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

மண் ஆய்வறிக்கை சரியாக இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். அந்த அறிக்கையைப் பலமுறை படித்தேன். மாதிரி எடுக்கப்பட்டது மேல் 15 சென்டிமீட்டரில்; அதாவது, சிக்கல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே ஆய்வு நின்றுவிட்டது. ஆய்வகத்தில் எந்த மண்ணையும் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழுவதைத்தான் சோதிப்பார்கள். இயற்கையான வயல் மண்ணுக்கு அது போதும். எங்கள் குழியிலிருந்து எடுத்த மண்ணை நாங்கள் சலித்தபோது, எடையில் பாதிக்கும் மேல் சல்லடையிலேயே கல்லாக நின்றது. அந்தக் கல் பயிருக்கு நீரையும் சத்தையும் அநேகமாகச் சேர்த்துவைக்காது. எனவே 'சத்து போதுமானது' என்னும் வரி சலித்த மண்ணுக்குப் பொருந்தும். கல்லோடு சேர்ந்த அந்த நிலத்துக்குப் பொருந்தாது.

அங்ககக் கரிமம் நிறைவாக இருப்பதாகவும் அறிக்கை சொல்கிறது. மண்ணில் பொடியாகக் கலந்திருக்கும் நிலக்கரித் துகள்களும் வழக்கமான சோதனைகளில் அங்ககக் கரிமமாகவே கணக்கில் ஏறும். மட்கிய இலையும் மடிந்த வேரும் மண்ணுயிர்களுக்கு உணவாகிப் பயிருக்குத் தழைச்சத்தைத் தரும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கரி அப்படித் தராது. எங்கள் நிலத்தின் ஏழ்மை காகிதத்தில் செல்வமாகப் பதிவாகியிருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

நிலத்தின் தாழ்வான மூலையில் புல்கூட முளைக்காத ஒரு திட்டு இருக்கிறது. அங்கே கசியும் நீர் செம்மஞ்சள் நிறத்தில் வருகிறது; அமிலகாரச் சோதனைத் தாளில் 4க்கும் கீழே காட்டுகிறது. ஆழத்தில் காற்றுப் படாமல் இருந்த பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் மேலே கொண்டுவரப்பட்டு, காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறுவதன் அடையாளம் இது. மண் அந்த அளவுக்குப் புளித்துவிட்டால் அலுமினியமும் மாங்கனீசும் கரைந்து வேருக்கு நஞ்சாகும். மணிச்சத்து பயிருக்குக் கிட்டாமல் பிணைந்துவிடும். நிரப்பிய அன்று எடுத்த அளவீட்டில் இது தெரியாது, ஏனெனில் அமிலம் பிறகுதான் உருவாகிறது. இனி எவ்வளவு அமிலம் உருவாகக்கூடும், அதை ஆற்றும் சுண்ணாம்பு மண்ணிலேயே எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டால்தான் தெரியும். பைரைட்டில் உள்ள கந்தகம் 1 விழுக்காடு இருந்தால், 1,000 டன் மண்ணுக்கு 31.25 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக அறியப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கு எங்கள் கோப்பில் இல்லை.

மேல்மண்ணைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோண்டத் தொடங்கியபோது அதைத் தனியே எடுத்து வைத்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் ஏழு ஆண்டுகள் உயரமான குவியலாக வைத்திருந்தார்கள். குவியலின் உள்ளே காற்றில்லாமல் மண்புழுவும், வேரோடு உறவாடி வாழும் பூஞ்சைகளும், முளைப்புத் திறனுள்ள விதைகளும் அழிந்துபோன பிறகு திரும்பி வந்தது நிறத்தில் மட்டுமே மேல்மண். அதுவும் ஒரு சாண் கனத்துக்கு. எத்தனை கன மீட்டர் எடுத்தோம், எத்தனை கன மீட்டர் திருப்பிப் போட்டோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள்; தலைமுறைகள் உழுது, எருவிட்டு, மழையும் வேரும் சேர்ந்து கட்டமைத்த மண்ணைச் சரளைக்கல்லை அளப்பதுபோல அளப்பது எங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உலக மண் வகைப்பாட்டு முறையே 2006இல் மனிதச் செயலால் உருவான மண்களுக்கு 'டெக்னோசால்' என்று தனிப் பிரிவு ஒதுக்கிவிட்டது. இது வேறு மண். பழைய வயலுக்குரிய சோதனைகளை மட்டும் வைத்து இதற்குச் சான்று தருவது முறையாகாது.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள். இது சரிசெய்யவே முடியாத கேடு அன்று என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சுரங்க நில மீட்புச் சட்டத்துக்குப் பின், சரிவும் அரிப்பும் ஏற்படக்கூடாது என்று அப்பலாச்சியன் மலைப்பகுதியில் நிலங்களை இறுக்கிச் சமன்செய்து புல் விதைத்தார்கள். பச்சை படர்ந்தது, மரங்கள் வளரவில்லை. 2004இல் அங்கே தொடங்கிய காடு மீட்பு முயற்சி, வேருக்கு ஏற்ற மண்ணை நான்கு அடிக்குக் குறையாமல் இறுக்காமல் பரப்ப வேண்டும் என்று வலியுறுத்தியது. நான் கேட்கும் 1.2 மீட்டரும் அந்த அளவுதான். ஏற்கெனவே இறுகிய நிலத்தையும், மண் உலர்ந்திருக்கும் பருவத்தில், புல்டோசரில் பொருத்தும் ஆழ்கீறு கொழுவால் கிழித்துத் தளர்த்த முடியும். எங்கள் உளிக்கலப்பை அந்த ஆழத்துக்கு இறங்காது. அந்த எந்திரங்கள் எங்களிடம் இல்லை, சுரங்கத்தை நடத்தியவர்களிடம் இருக்கின்றன. சான்று உறுதியாகி, நிலத்தை மீட்டுத் தருவதற்கு ஈடாக அவர்கள் கட்டிய பிணைத்தொகை விடுவிக்கப்பட்டதும் அவை போய்விடும்.

எனவே தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். வழங்கிய சான்றை நிறுத்தி வையுங்கள். எங்கள் நிலத்துக்கு வந்து குழி வெட்டிப் பாருங்கள். பரும அடர்த்தியையும் கல்லின் அளவையும் வருங்கால அமிலத்தையும் 1.2 மீட்டர் வரை அளந்து, அந்த எண்களைச் சான்றிலேயே பதியுங்கள். இறுகிய தளத்தைக் கிழித்துத் தர உத்தரவிட்ட பிறகு பிணைத்தொகையைப் பற்றி முடிவெடுங்கள். நாங்கள் வெட்டிய குழியை இன்னும் மூடவில்லை. பிடுங்கிய கன்றுகளையும் அதன் கரையிலேயே வைத்திருக்கிறேன். தாங்கள் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் நாங்கள் அனைவரும் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் சான்று பெற்ற நிலத்தில் பயிர் செய்ய முயலும் ஓர் உழவர்