விற்றவருக்குக் கொடுத்த வாக்கு யாரைக் கட்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சமூகப் பொறுப்புள்ள சிறு நிறுவனங்களைப் பெரிய நிறுவனங்கள் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும், அதாவது வாங்கும் பெரிய நிறுவனமும் நல்லபடி மாறும் என்பதுதான் கட்டுரையாளரின் நம்பிக்கை. சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் கதை ஒவ்வொன்றும் கையெழுத்துப் போட்ட நாளோடு முடிந்துவிடுகிறது. பத்து இருபது வருடம் கழித்து எட்டிப் பார்த்திருக்கலாம்.

தி பாடி ஷாப்பை எடுத்துக்கொள்வோம். அனிதா ரோடிக் 1976-இல் தொடங்கியது. அழகுப்பொருள்களை விலங்குகள் மீது சோதிக்கக் கூடாது என்று கடை வாசலிலேயே பிரசாரம் செய்த நிறுவனம். 2006-இல் பிரான்ஸின் பெரிய அழகுப்பொருள் நிறுவனமான லோரியல் அதை 65.2 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது பழைய வாடிக்கையாளர்கள் பலர் கொதித்துப்போனார்கள். உள்ளே இருந்துகொண்டே பெரிய நிறுவனத்தை மாற்றலாம் என்றார் ரோடிக். மறு வருடமே அவர் இறந்துவிட்டார். 2017-இல் லோரியல் அதைப் பிரேசிலின் நட்டுராவிடம் விற்றது. நட்டுரா நல்ல பெயர் எடுத்த நிறுவனம்தான். ஆனால் அதற்கே நெருக்கடி வந்ததும், 2023-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் கிளை திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. ரோடிக் நம்பியது முதலில் வாங்கியவரை. மூன்றாவதாக வாங்கியவரை அவர் பார்த்ததுகூட இல்லை.

எழுதி வாங்கினால் போதுமா என்றால், அதுவும் பாதிதான். பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் நிறுவனத்தை 2000-இல் யூனிலீவர் 32.6 கோடி டாலருக்கு வாங்கியபோது, சமூக நோக்கத்தைக் காப்பதற்கென்றே தனி இயக்குநர் குழு இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதிகளில் இனி விற்பதில்லை என்று 2021-இல் அந்த நிறுவனம் அறிவித்தது. மறு வருடம் யூனிலீவர் இஸ்ரேல் வியாபாரத்தை அங்கிருந்த உரிமதாரரிடமே விற்றுவிட்டது. குழு நீதிமன்றம் போனது, சமரசம் ஆனது, 2024-இல் மறுபடி வழக்கு. 2025-இல் நிறுவியவர்களில் ஒருவரான ஜெர்ரி கிரீன்ஃபீல்டே விலகிவிட்டார். அந்த விவகாரத்தில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு பேச்சு. காகிதம் இருந்ததால் வழக்காவது போட முடிந்தது என்பதுதான் நான் கவனித்தது.

நான் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் எங்கள் நிறுவனமும் கைமாறியது. எதுவும் மாறாது என்று முதல் நாள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பெயர்ப் பலகை உண்மையிலேயே மாறவில்லை. மூன்றாம் மாதம் கொள்முதல் ரசீதுகளை வாங்கிப் பார்த்து, "இந்தச் சரக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டார்கள். எங்களுக்கு வருடக்கணக்காகச் சரக்குக் கொடுத்தவர்களுக்கு நியாயமான விலை தர வேண்டும் என்றுதான் அந்த விலை. கேட்டவரின் படிவத்தில் அதை எழுதக் கட்டமே இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. செலவைக் குறைப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

இயற்கைத் தேயிலையில் புட்டித் தேநீர் தயாரித்த அமெரிக்க நிறுவனமான ஹானஸ்ட் டீ விஷயத்தில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. கோகோ கோலா 2008-இல் பங்கு வாங்கி, 2011-இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. இயற்கைத் தேயிலை பெரிய கடைகளுக்கெல்லாம் போனது. அந்த நன்மையை மறைக்கக் கூடாது. 2022-இல் குழந்தைகளுக்கான பானத்தை மட்டும் வைத்துக்கொண்டு புட்டித் தேநீரை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். நிறுவியவர்களில் ஒருவரான சேத் கோல்ட்மேன் அதே வருடம் வேறு பெயரில் புதிதாகத் தேநீர் தொடங்கினார். இல்லாவிட்டால் அந்தத் தேயிலையை விளைவித்தவர்கள் யாரிடம் போவார்கள்?

விற்காமலே இருக்கவும் வழி உண்டு. 2022-இல் அமெரிக்க உடை நிறுவனமான படகோனியாவின் உரிமையை, அதை நிறுவிய சுவினார் குடும்பம் ஓர் அறக்கட்டளைக்கும் ஒரு லாப நோக்கற்ற அமைப்புக்கும் எழுதிக்கொடுத்தது. ஆனால் அது குடும்பச் சொத்து, அவர்களால் முடிந்தது. பங்குச்சந்தைக்குப் போன நிறுவனத்தில் நிறுவியவரின் விருப்பம் பல குரல்களில் ஒன்று, அவ்வளவுதான்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்து இப்படி ஒரு விற்பனை நடந்தால், எத்தனை கோடி என்பதோடு செய்தியை முடிக்க வேண்டாம். விளைவிப்பவர்களோடு போட்ட ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, வாங்கியவர் மறுபடி விற்றால் நிபந்தனைகள் அடுத்தவரையும் கட்டுமா, மீறினால் வழக்குப் போடும் உரிமை யாருக்கு என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். அப்புறம், வாங்கிய நிறுவனம் தன் சொந்தச் சரக்கின் கொள்முதலில் எதையாவது மாற்றியதா என்பதையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்