கஞ்சித்தொட்டிக் கணக்கைப் படித்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் சத்திரங்கள், அநாதை இல்லங்கள், தரும சங்கங்கள் பற்றிய அட்டவணை ஒருவழியாக முடிந்தது. உதவியவர்களில் பெரும்பாலோர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். அடுத்து இந்தத் தாள்களைப் புரட்டப் போகிறவருக்கும் அது பயன்படும்.

முதலில் ராயபுரத்துப் பெரியவர்களுக்கு. ஆவணத்தில் ஓரிடத்தில் 'மோனிகர் சவுல்ட்ரி', இன்னோரிடத்தில் 'மணியக்காரர் சத்திரம்', ஊர் வாயில் 'கஞ்சித்தொட்டி'. முதல் வரைவில் இவை மூன்று நிறுவனங்களாகப் பதிவாகியிருந்தன. மூன்றும் ஒன்றே என்று திருத்தியவர்கள் நீங்கள். ஹைதர் அலியோடு நடந்த போரால் பஞ்சம் வந்து, 1782இல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. பார்த்துக்கொண்டவர் மணியக்காரர், அந்தச் சொல்தான் வெள்ளைக்காரர் நாவில் மோனிகர் ஆனது. 1799இல் அண்டர்வுட் என்ற மருத்துவர் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அதோடு சேர்ந்து வளர்ந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வேர் அங்கேதான்.

சொற்களில் உள்ள கண்ணிகளைச் சுட்டியவர்களுக்கும் அதே கடன். சென்னையின் பழைய ஆவணங்களில் 'சவுல்ட்ரி' என்றால் சத்திரம் மட்டும் இல்லை, ஒரு வழக்கு மன்றத்துக்கும் அதுவே பெயர். மவுண்ட் ரோடு, ராயப்பேட்டைப் பக்கத்து வெளிக்கும் அதுவே பெயர். 'அசைலம்' என்று தேடினால் எழும்பூரின் அநாதைச் சிறுவர் இல்லமும் வரும், 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறந்த மனநல மருத்துவமனையும் வரும். அந்தச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையும் அவர் வழியாகத்தான் 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குப் போனது. இல்லம் 1871 வாக்கில் ஊட்டி லாரன்ஸ் அசைலத்தோடு இணைந்தது. இல்லத்தின் அச்சகமோ சென்னையிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிந்திய நூலில் அசைலம் அச்சகம் என்று கண்டால் பிள்ளைகளும் இங்கே இருந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. நாங்கள் எழுதியிருந்தோம். அந்த வரியை அடித்துத் திருத்தியவருக்கு நன்றி.

இனி கணக்கு. தமிழ் இலக்கமும் பின்னக் குறிகளும் தெரிந்த முன்னாள் கணக்குப்பிள்ளைகள் இல்லாமல் இந்த வேலையில் பாதி நடந்திருக்காது. பக்கத்தின் தலையில் நிற்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று படித்தால் முதல் வரியின் தொகையே கெட்டுப்போகும். ௲௮௱௭௰௬ என்பது 1876. ௰, ௱, ௲ மூன்றும் பத்து, நூறு, ஆயிரம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். ௶ பற்று, ௷ வரவு. கடைசி இரண்டையும் மாற்றிப் படித்தால் தருமம் கொடுத்தவர் கடன்காரர் ஆகிவிடுவார். பின்னத்தில் கால், அரை, முக்கால் எளிது. மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கையெழுத்தில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, ரகரமும் காலும் ஒரே கோடு. பொருள் தெரிந்தவர் வாய்விட்டுப் படித்தால்தான் சொல் பிரியும்.

பணத்துக்கு ஒரு குறிப்பு. 1818க்கு முந்திய நன்கொடைகள் பெரும்பாலும் வராகன் என்ற பொன் நாணயத்தில் இருக்கும். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன், 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது அரசு விகிதம். அதாவது ரூபாய்க்கு 12 பணம். கடைத்தெரு விகிதம் இதிலிருந்து ஏறி இறங்கும். சல்லிசான தொகையை மாற்றும்போது இது பெரிதில்லை, ஒரு சத்திரத்தின் மூலதனத்தை மாற்றும்போது நூற்றுக்கணக்கில் இடறும்.

நெல் மண்டி வியாபாரிகளுக்கும், பழைய அளவைகளைக் கொண்டுவந்து காட்டியவர்களுக்கும் தனி வணக்கம். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை: இது சென்னைக் கணக்கு. தஞ்சைப் படியையோ மதுரைப் படியையோ இதற்குள் கொண்டுவரக் கூடாது. தலைதட்டி அளந்ததா, குவித்து அளந்ததா என்று பார்க்க வேண்டும். நெல்லா அரிசியா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு படி நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு படி அரிசிதான் தேறும். படி அரிசியை 120 தோலா, அதாவது ஒரு வீசை என்று வைத்துக்கொண்டால், ஒரு ராத்தல் (பவுண்டு) இரண்டரை ஆழாக்குக்குச் சற்று மேல். ஒன்றரை ராத்தல் ஏறக்குறைய அரைப்படி.

இந்த வாய்ப்பாடு கையில் இருந்ததால்தான் தாது வருஷப் பஞ்சத்தின் சண்டை விளங்கியது. 1877இல் இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும், அதற்கு மேல் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்றார். ராத்தலில் படித்தால் இது அரசு அலுவலர் இருவரின் வாதம். ஆழாக்கில் படித்தால், மண் வெட்டுகிற ஆளுக்கு இரண்டரை ஆழாக்கா, நாலு ஆழாக்கா என்பது கேள்வி. சமைத்துப் பழகிய எவருக்கும் விடை தெரியும். அதே ஆண்டில் கடற்கரையில் இறக்குமதி அரிசி மூட்டை மூட்டையாய்க் கிடந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பக்கிங்காம் கால்வாயை வெட்டியதும் இந்தப் பஞ்ச நிவாரணக் கைகள்தான்.

கோயில் மடப்பள்ளியிலும் அன்னதானக் கூடத்திலும் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் சொன்ன ஒன்று எங்கள் அட்டவணையின் ஒரு பத்தியையே நீக்க வைத்தது. நொய் ஒரு பங்குக்குத் தண்ணீர் எட்டும் ஊற்றலாம், பன்னிரண்டும் ஊற்றலாம். ஆகையால் 'இத்தனை தொட்டி கஞ்சி' என்ற குறிப்பை வைத்து யார் எவ்வளவு உண்டார் என்று சொல்ல முடியாது. அரிசி வழங்கிய பேரேடு வேண்டும். அடியிலிருந்து கிளறி மொள்ளாவிட்டால் வரிசையில் முன்னால் நிற்பவருக்குத் தண்ணீரும் பின்னால் நிற்பவருக்குப் பருக்கையும் போகும். மருத்துவர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே வயிறு நிறையச் சோறு போட்டால் உடலின் உப்புச் சத்துகள் தடாலென்று குலைந்து உயிரே போகலாம். நீர்த்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுப்பதுதான் சரி. நீர்த்த கஞ்சி எல்லாமே கஞ்சத்தனம் என்று எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டோம்.

தலைக்கணக்கு பற்றியும் எச்சரித்தீர்கள். மாத அறிக்கையில் 30,000 பேர் என்றிருந்தால் அது நாளுக்கு 1,000 பேர் வந்ததன் கூட்டுத்தொகையாக இருக்கலாம்.

வழக்கறிஞர் நண்பர்களுக்கு: எந்தத் தாள் எங்கே கிடக்கும் என்று நீங்கள் காட்டிய வழி பல மாதங்களை மிச்சப்படுத்தியது. நகருக்குள் எழுந்த அறக்கட்டளை வழக்கு 1801 முதல் சுப்ரீம் கோர்ட்டில், 1862க்குப் பின் ஐகோர்ட்டில். வெளியூர் மானிய நிலமும் சத்திரமும் 1817ஆம் ஆண்டு 7ஆம் ரெகுலேஷன்படி ரெவின்யூ போர்டின் பார்வையில் இருந்தன. 1863ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் மதம் சார்ந்தவை கமிட்டிகளுக்குப் போயின. சங்கமாகப் பதிந்ததா என்று பார்க்க 1860ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்திய தாள்களைத்தான் புரட்ட வேண்டும். பச்சையப்ப முதலியார் பள்ளிக்கூடத்துக்காக உயில் எழுதினார் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். 1794இல் அவர் எழுதிவைத்தது கோயில் கட்டளைகளுக்கும் அன்னதானம் போன்ற தருமங்களுக்கும். பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தது. கட்டளைகள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பியது கோர்ட் ஏற்பாடு. 1842இல் பள்ளி திறந்தது. உயிலையும் தீர்ப்பையும் தனித்தனியாகப் படிக்கச் சொன்னதற்கு நன்றி.

தேதி மாற்றித் தந்தவர்கள் செய்தது ஓசையில்லாத வேலை. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், தாது என்றால் 1816ஆகவும் இருக்கலாம், 1876ஆகவும் இருக்கலாம். கூடவே ஆளுநர் பெயரோ நாணயமோ இருந்தால்தான் முடிவு செய்யலாம். வராகன் என்றால் அநேகமாக முந்தியது. தை, மாசி, பங்குனித் தேதிகளில் ஆங்கில ஆண்டைப் பெரும்பாலும் ஒன்று கூட்ட வேண்டும்.

கல்வெட்டுப் பலகைகளைப் படமெடுத்தவர்களுக்கு: எனாமல் பெயிண்ட் பூசிய கல்லில் ஆசிட் ஊற்றாமல், இருட்டிய பின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எழுத்தின் நிழலை எழுப்பினீர்கள். நேர் வெளிச்சத்தில் எழுத்தே தெரியாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டுகளைச் சுமந்து வந்த ஊழியர்களே, பழைய மை தாளை அரித்திருக்கும் பக்கத்தை விரலால் புரட்டாமல் அடியில் அட்டை கொடுத்துத் தூக்கச் சொன்னது நீங்கள்.

இரவலாக வந்த பித்தளைப் படி இரண்டையும் ஆழாக்கு மூன்றையும் துடைத்துக் கட்டி வைத்திருக்கிறோம். ஓர் ஆழாக்கின் அடியில் முத்திரை இருக்கிறது, மற்றவற்றில் இல்லை. யாருடையது எது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அட்டவணைக் குழுவினர்