பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மறுபடி களைகட்டிவிட்டது. கலைத் திருவிழாவிலும் விளையாட்டிலும் நம் பிள்ளைகள் பேர் சொல்லும்படி செய்தார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்புகள் தொடர்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இப்போது முக்கியமான ஒரு விஷயம். பொதுத்தேர்வே இன்னும் நடக்கவில்லை. அதற்குள் தனியார் கல்லூரிகள் தந்த 'உதவித்தொகை' கடிதங்களோடு சிலர் என் அறைக்கு வருகிறீர்கள். எது லாபம் என்று கேட்கிறீர்கள். கேட்பது நல்லதுதான். முன்பணம் கட்டிவிட்டு வந்து கேட்கும்போதுதான் மனசு கஷ்டப்படுகிறது.

போன வாரம் ஓர் அம்மா கொண்டுவந்த கடிதத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். மகள் அந்தக் கல்லூரியில் படிக்கிறாள். தம்பியையும் சேர்த்தால் நாற்பதாயிரம் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில் 'முதலாண்டு மட்டும்'. விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் பற்றி ஒரு வரி இல்லை. இடமோ நிர்வாக ஒதுக்கீடு, அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடம். விலையை ஏற்றி ஒட்டிவிட்டு ஆடித் தள்ளுபடி தருவது போலத்தான் இது.

அந்தப் பையன் ஆறாம் வகுப்பிலிருந்து நம் அரசுப் பள்ளியில் படிப்பவன். மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கலந்தாய்வில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அது இல்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கான முதல் பட்டதாரி சலுகையும் கலந்தாய்வில் சேர்பவர்களுக்குத்தான். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். ஆனால் அது வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும். மூத்தவருக்கு வாங்கியிருந்தால் இளையவர் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கான புதுமைப் பெண், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் அப்படியல்ல. தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கிடைக்கும்.

இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லோருடைய படிப்பையும் ஒரே நோட்டில் எழுதிப் பாருங்கள். படிப்பு முடியும்வரை ஆளுக்கு எவ்வளவு செலவு, திருப்பிக் கட்ட வேண்டாத உதவி எவ்வளவு, மிச்சம் உங்கள் கையிலிருந்து எவ்வளவு? கல்விக் கடனை உதவித்தொகையோடு சேர்த்து எழுதாதீர்கள், அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். மூத்தவனுக்காக நகையெல்லாம் அடகுக்குப் போனபின், கடைசிப் பெண் ஆசைப்பட்ட படிப்பைக் கேட்கக்கூடத் தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன். அது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

கண்டிப்பாகவே சொல்கிறேன். கல்லூரித் தரகர்கள் இனி பள்ளி வாசலில் நிற்க அனுமதியில்லை. எங்கள் ஆசிரியர் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வீட்டுக்கு வந்தாலும் நம்ப வேண்டாம். கலந்தாய்வு முடியுமுன் அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், 'இன்றே கடைசி நாள்' என்று அவசரப்படுத்தினாலும் சரி.

இடம் போய்விடுமோ என்ற உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் வகுப்பாசிரியர்களும் அலுவலகத்தில் இருப்போம். கையிலுள்ள கடிதங்களோடு, மற்ற பிள்ளைகள் எங்கே என்ன படிக்கிறார்கள் என்ற விவரத்தையும் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டங்களுக்கு வருகிறீர்கள். பள்ளி மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்